புது ஆல்பம் பிடிக்கவில்லை, நண்பனும் பேசுவதில்லை

சென்னையில் மென்பொருள் வேலை பார்க்கும் 31 வயது வாசகர் ஒருவர் நான்கு பக்கக் கடிதம் அனுப்பியிருக்கிறார். பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால், அடையாளம் தெரியக்கூடிய சில விவரங்களை மாற்றிச் சுருக்கித் தருகிறேன்.

2013-இல் அவர் கோவையில் பொறியியல் இரண்டாம் ஆண்டு மாணவர். ஹாஸ்டல் அறையில் நான்கு பேர். அந்த ஆண்டு செப்டம்பரில் ஆர்க்டிக் மங்கீஸ் என்ற இங்கிலாந்து இண்டி ராக் குழுவின் ‘ஏஎம்’ ஆல்பம் வெளியானது. அறைத்தோழர் ஒருவர் அதைப் பென்டிரைவில் கொண்டுவந்தார். மின்வெட்டுக் காலம் அது. கரண்ட் போனால் லேப்டாப் பேட்டரி தீரும்வரை அந்த ஆல்பம் ஓடும். பேட்டரியும் தீர்ந்துவிட்டால் நால்வரும் இருட்டில் உட்கார்ந்து பாடுவார்கள். அந்த வருடம்தான் இவர் கிட்டார் வாங்கினார்.

ஐந்து ஆண்டுகள் காத்திருந்த பிறகு, 2018-இல் அடுத்த ஆல்பம் வந்தது. கிட்டார் பின்னுக்குப் போய், பியானோவும் மெதுவான தாளமும் முன்னால் வந்திருந்தன. ஏமாந்துபோனார். 2022-இல் வந்த ‘தி கார்’ ஆல்பத்தைப் பாதியிலேயே நிறுத்திவிட்டார். பென்டிரைவ் கொண்டுவந்த நண்பருக்கோ கடைசி இரண்டு ஆல்பங்களும்தான் குழுவின் உச்சம்.

கடந்த தை மாதம் அந்த நண்பர் வீட்டில் புதுமனை புகுவிழா. இரவு மொட்டை மாடியில் பழைய நால்வரும் உட்கார்ந்திருக்க, நண்பர் ஸ்பீக்கரில் ‘தி கார்’ போட்டார். “ஆஃப் பண்ணுடா, இதெல்லாம் ஒரு பாட்டா?” என்றார் இவர். “உனக்குப் பாட்டு வேணாம்டா. ஹாஸ்டல்தான் வேணும்” என்றார் நண்பர். வார்த்தை தடித்தது. இவர் அன்றிரவே பஸ் பிடித்துத் திரும்பிவிட்டார். ஐந்து மாதமாகப் பேச்சுவார்த்தை இல்லை.

அவர் கேட்பவை மூன்று. குழு பணத்துக்காக மாறிவிட்டது, தன்னை ஏமாற்றிவிட்டது என்று தோன்றுவது தவறா? சேர்த்து வைத்திருக்கும் ஏழு வினைல் ரெக்கார்டுகளையும் விற்றுவிட்டு விலகிவிடலாமா? ஆல்பத்தைப் பற்றிய கருத்து மாறாதபோது நண்பரிடம் எதற்கு மன்னிப்புக் கேட்க வேண்டும்? இதற்கு நடுவே, குழுவின் பாடகருக்கு நீளமான கடிதம் ஒன்று எழுதி, அனுப்பாமல் வைத்திருக்கிறார். கடைசிப் பக்கத்தின் ஓரத்தில் ஒரு வரி இருக்கிறது: “இப்பல்லாம் எந்தப் பாட்டும் பெருசா பிடிக்கிறதில்ல.”

அன்புள்ள வாசகருக்கு,

“ஒரு இசைக்குழுவுக்காக ஆலோசகருக்குக் கடிதமா என்று சிரித்துவிடாதீர்கள்” என்று ஆரம்பித்திருந்தீர்கள். சிரிக்கவில்லை. இழப்பைப் பற்றி நேராகப் பேச முடியாத பலர் ஒரு பாட்டைப் பற்றிப் பேசித்தான் என்னிடம் ஆரம்பித்திருக்கிறார்கள். உங்கள் கடிதத்தையும் அப்படித்தான் படித்தேன்.

இந்தக் குழுவை எனக்கு முன்பு தெரியாது. கடிதம் வந்த பிறகு ஏழு ஆல்பங்களையும் வெளியான வரிசையில் கேட்டேன். பத்து நாள் ஆயிற்று. எந்த நினைவும் ஒட்டாத காது என்பதால் என் அனுபவத்தையும் சொல்லிவிடுகிறேன். ‘ஏஎம்’ எனக்கு உடனே பிடித்தது. ‘தி கார்’ நான்காவது தடவை கேட்டபோதுதான் மனதுக்குள் வந்தது, வந்த பிறகு போகவில்லை. 2018 ஆல்பம் எனக்கு இன்னும் எட்டவில்லை. ஆகவே உங்கள் காது கெட்டுப்போய்விட்டது என்று நான் சொல்லப்போவதில்லை. உங்கள் கடிதத்தில் சில விஷயங்கள் உண்மைக்குச் சற்று விலகி நிற்கின்றன. முதலில் அவற்றை நேர்செய்துகொள்வோம், ஏனென்றால் உங்கள் கோபத்தில் பாதி அவற்றின் மேல்தான் நிற்கிறது.

அவர்கள் எப்போது மாறினார்கள்?

“2018 வரை ஒரே மாதிரி இருந்தவர்கள்” என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படி இல்லை. அவர்கள் ஷெஃபீல்டு நகரத்துப் பையன்கள். 2002-இல் குழு தொடங்கி, கச்சேரிக்கு வருபவர்களுக்குத் தங்கள் பாடல்களைப் பதிந்த சிடிக்களை இலவசமாகக் கொடுத்தார்கள். அதை ரசிகர்களே இணையத்தில் ஏற்றிப் பரப்பினார்கள். ஆல்பம் வருவதற்கு முன்பே கூட்டம் வரிக்கு வரி கூடப் பாடியது. 2006 ஜனவரியில் முதல் ஆல்பம் வந்தபோது, ஒரே வாரத்தில் பிரிட்டனில் 3,60,000 பிரதிகளுக்கு மேல் விற்றது. வேகமான கிட்டார், சொந்த ஊர்ப் பேச்சு வழக்கு, இரவு விடுதி வாசல் தகராறுகள், கடைசி டாக்சிக்கான வரிசை: அந்த ஊர் இளைஞர்களின் சனிக்கிழமை ராத்திரி முழுக்க அதில் இருந்தது.

மூன்றே ஆண்டுகளில், 2009-இல், ‘ஹம்பக்’ வந்தது. கலிஃபோர்னியா பாலைவனத்துக்குப் போய், அமெரிக்க ராக் இசைக்கலைஞர் ஜாஷ் ஹோமியோடு சேர்ந்து பதிவு செய்தார்கள். ஒலி கனத்துவிட்டது, வேகம் குறைந்துவிட்டது. முதல் ஆல்பத்தை நெஞ்சில் வைத்திருந்தவர்களில் பலர் அப்போதே முகம் சுளித்தார்கள். அப்புறம் நீங்கள் உயிராக நினைக்கும் ‘ஏஎம்’. ஹிப் ஹாப் போல நின்று அடிக்கும் டிரம்ஸ், உச்ச ஸ்தாயியில் ஒலிக்கும் பின்குரல்கள், இருட்டான கனத்த கிட்டார். 2006-இல் ஷெஃபீல்டில் அந்த சிடியை வாங்கிய பையனுக்கு 2013-இல் உங்களுக்கு இருந்த வயதைவிடக் கொஞ்சம் கூடுதலாக இருந்திருக்கும். ஊர்ப் பேச்சும் போய், பழைய வேகமும் போய், தலைமுடியை வாரிவிட்டுத் தோல் ஜாக்கெட்டில் நிற்கும் பாடகர் அலெக்ஸ் டர்னரைப் பார்த்து அவனுக்கு என்ன தோன்றியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். நீங்கள் அந்தக் குழுவுக்குள் நுழைந்த கதவு, அவனைப் போன்றவர்கள் வெளியேறிய கதவு.

இதைச் சொல்வது உங்களை வாதத்தில் வெல்வதற்காக இல்லை. ‘உண்மையான’ ஆர்க்டிக் மங்கீஸ் என்று ஒன்று இருந்ததாகவும், அது உங்களிடமிருந்து பறிக்கப்பட்டதாகவும் எழுதுகிறீர்கள். அவர்கள் மாறிக்கொண்டே போன ஒரு பாதையில், உங்கள் பத்தொன்பதாவது வயது ஒரு நிறுத்தத்தில் ஏறிக்கொண்டது. அது நல்ல நிறுத்தம். அங்கேயே நிற்பது அவர்கள் கொடுத்த வாக்குறுதி இல்லை.

பணத்துக்காகவா?

இந்தக் குற்றச்சாட்டை விட்டுவிடுங்கள் என்பேன். பணம் மட்டும் குறி என்றால் செய்ய வேண்டியது எளிது. உலகம் முழுக்க ஓடிய ‘ஏஎம்’ மாதிரியே இன்னொன்று போட்டிருக்கலாம். டர்னருடைய முப்பதாவது பிறந்தநாளுக்கு மேனேஜர் ஒரு பியானோ பரிசளித்தார். அதன் முன் உட்கார்ந்துதான் 2018 ஆல்பத்தின் பாடல்கள் பிறந்தன. நிலாவில் இருப்பதாகக் கற்பனை செய்த ஒரு ஹோட்டல்தான் அதன் களம். முன்னோட்டமாக ஒரு பாடலைக்கூட முன்கூட்டியே வெளியிடாமல் ஆல்பம் முழுவதையும் வெளியிட்டார்கள். அதுவரை வந்த ஆறு ஆல்பங்களும் பிரிட்டனில் முதலிடம். வாத்தியக் கூட்டத்தின் வயலின்களோடு வந்த ஏழாவது ‘தி கார்’ இரண்டாம் இடத்தில் நின்றது. அதே நாளில் டெய்லர் ஸ்விஃப்ட்டின் ஆல்பமும் வெளியானது ஒரு காரணம். முதல் ஆல்பத்திலிருந்து இன்றுவரை அவர்களை வெளியிடுவது டொமினோ என்ற அதே சுயாதீன நிறுவனம்தான். பிடிக்காத முடிவை எடுத்தார்கள் என்று சொல்லுங்கள், அது நியாயம். விலைபோய்விட்டார்கள் என்பதற்கு இதில் எனக்கு ஆதாரம் தெரியவில்லை.

எத்தனை தடவை கேட்டீர்கள்?

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று பேச விரும்புகிறேன். ‘ஏஎம்’ ஆல்பத்தை நீங்கள் எத்தனை தடவை கேட்டிருப்பீர்கள்? இருநூறு? முந்நூறு? அதுவும் நான்கு பேராக, வேறு வேலையே இல்லாத இருட்டில். ‘தி கார்’ ஆல்பத்தைக் கேட்டது ஒருமுறை, அதுவும் பாதி. “ஆபீஸ் கேப்ல, டிராஃபிக்ல” என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். இரண்டையும் ஒரே தராசில் வைத்துத் தீர்ப்புச் சொல்லியிருக்கிறீர்கள்.

ராபர்ட் ஜயான்ஸ் என்ற உளவியலாளர் 1968-இல் வெளியிட்ட ஒரு கட்டுரை எங்கள் துறையில் எல்லோரும் படிப்பது. ஒன்றைத் திரும்பத் திரும்ப எதிர்கொண்டாலே அதன் மேல் விருப்பம் கூடுகிறது என்பது அதன் சாரம். நமக்கு இதை ஆய்வு சொல்ல வேண்டியதில்லை. “ரஹ்மான் பாட்டு கேக்கக் கேக்கத்தான் பிடிக்கும்” என்று ஒவ்வொரு வீட்டிலும் யாரோ ஒருவர் சொல்லியிருப்பார். முதல்முறை கேட்கும்போது அடுத்து என்ன வரும் என்று காதுக்குத் தெரியாது. பழகிய பாட்டில், வரப்போகும் வரிக்காகக் காத்திருப்பதே ஒரு சுகம். புதுப் பாட்டிடம் அந்தச் சுகத்தை முதல் நாளே எதிர்பார்த்தால் அது தோற்றுத்தான் போகும்.

இன்னொன்று வயது. நடுவயதைக் கடந்தவர்களிடம் வாழ்க்கை நினைவுகளைக் கேட்டால், பதின்வயதிலிருந்து இருபதுகள் வரையிலான காலத்திலிருந்தே அதிகம் சொல்கிறார்கள். பாட்டு விஷயத்திலும் இது தெரிகிறது. முதன்முதலாக வீட்டை விட்டு வந்து, யாராக இருக்கப்போகிறோம் என்று நாமே முடிவு செய்த காலம் அது. அப்போது காதில் விழுந்த பாட்டு, கூடவே அந்த அறை, அந்த வியர்வை, அந்தச் சிரிப்பு எல்லாவற்றையும் சேர்த்துச் சுமக்கிறது. டர்னர் நாளைக்கே ‘ஏஎம்’ ஒலியில் புது ஆல்பம் ஒன்று போட்டாலும் அதில் அந்த அறை இருக்காது.

அதற்காக ‘பிடிக்கும்வரை கேட்டே ஆக வேண்டும்’ என்று சொல்ல மாட்டேன். இருபது தடவை கேட்டும் பிடிக்காமல் போகலாம். மேலே சொன்ன இரண்டு விளக்கங்களும் உங்கள் ரசனையைத் தள்ளுபடி செய்துவிடாது. ‘தி கார்’ மெதுவானது, சுற்றி வளைத்துப் பேசுவது. வேகத்தையும் நேர்ப்பேச்சையும் விரும்புகிறவருக்கு அது ஒத்துவராமல் இருக்க முழு வாய்ப்பு இருக்கிறது. நான் கேட்பது இவ்வளவுதான்: ஒரு ஞாயிற்றுக்கிழமை, போனை வேறு அறையில் வைத்துவிட்டு, ‘ஏஎம்’ ஆல்பத்தோடு ஒப்பிடாமல், முழுதாக ஒருமுறை கேளுங்கள். அதன் பிறகும் பிடிக்கவில்லை என்றால், அது நீங்கள் கேட்டுச் சொன்ன கருத்தாக இருக்கும்.

உரிமை எது வரை?

பிடிக்கவில்லை என்று சொல்ல, எழுத, விமர்சிக்க உங்களுக்கு எல்லா உரிமையும் உண்டு. பழைய ஆல்பங்களை மட்டும் கேட்கிற ரசிகராக இருக்கவும் உரிமை உண்டு; ‘தி கார்’ வந்த பிறகு நடந்த கச்சேரிகளிலும் அவர்களே பழைய பாடல்களைப் பாடியிருக்கிறார்கள். எதை எழுத வேண்டும் என்று அவர்களுக்கு உத்தரவிடும் உரிமை மட்டும் நமக்கு இல்லை. இந்தக் குழுவை ரசிகர்கள்தான் சிடியைப் பரப்பி வளர்த்தார்கள் என்பதால், ‘நாம் வளர்த்த பிள்ளை’ என்ற உணர்வு வருவது எனக்குப் புரிகிறது.

மேடையில், திரையில் பார்க்கிறவர்களோடு நமக்கு ஏற்படும் நெருக்கத்தைப் பற்றி டொனால்ட் ஹார்ட்டன், ரிச்சர்ட் வோல் என்ற இருவர் 1956-இலேயே எழுதினார்கள். நமக்கு அவரைத் தெரியும், அவருக்கு நம்மைத் தெரியாது. உணர்வு மட்டும் முழு உறவைப் போலவே இருக்கும். தொல்காப்பியம் ஒருதலைக் காமத்துக்குக் கைக்கிளை என்று தனித் திணையே ஒதுக்கியிருக்கிறது. ஒருபக்க அன்பைப் பொய் என்று ஒதுக்கிவிடவில்லை. உங்கள் அன்பும் பொய் இல்லை. ஆனால் ‘ஏமாற்றினார்’ என்று சொல்ல, எதிரில் இருப்பவர் உங்களிடம் ஏதாவது ஒப்புக்கொண்டிருக்க வேண்டும்.

அதனால் அந்தக் கடிதத்தை இப்போது இருக்கிற வடிவில் அனுப்ப வேண்டாம். எனக்கு அனுப்பிய பகுதியில் வசவு இருக்கிறது. அதை அவர் படிக்கப்போவதில்லை, எழுதிய சூடு மட்டும் உங்களிடம் தங்கும். வீட்டிலேயே வைத்திருந்து, ஒரு மாதம் கழித்துப் படியுங்கள். அதில் எத்தனை வரிகள் டர்னருக்கு, எத்தனை வரிகள் மொட்டை மாடியில் இருந்தவருக்கு என்று பென்சிலால் குறித்துப் பாருங்கள்.

ரெக்கார்டுகள்: கோபத்தில் விற்காதீர்கள். பணத்தேவை என்றால் அது வேறு. ஆறு மாதம் பெட்டியில் போட்டு வையுங்கள். விற்றதைத் திரும்ப வாங்கும்போது விலையும் கூடியிருக்கும், மனமும் சங்கடப்படும்.

ஓரத்தில் எழுதிய வரி

“எந்தப் பாட்டும் பெருசா பிடிக்கிறதில்ல” என்ற வரியைப் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு மற்ற நான்கு பக்கங்களைவிட அது முக்கியம். பழைய பாட்டும் இப்போது சுவைக்கவில்லையா? சாப்பாடு, தூக்கம், வேலை, நண்பர்களோடு பேச்சு இவையெல்லாம் எப்படி இருக்கின்றன? முன்பு மகிழ்ச்சி தந்த பெரும்பாலான விஷயங்களில் இரண்டு வாரத்துக்கு மேலாக ஈடுபாடே வரவில்லை, காலையில் எழுவதே பாரமாக இருக்கிறது என்றால், அது ஆல்பத்தின் குறையாக இருக்காது. மனச்சோர்வின் அறிகுறியாக இருக்கலாம், அதற்கு நல்ல சிகிச்சை இருக்கிறது. அருகில் உள்ள மனநல மருத்துவரையோ உளவியலாளரையோ நேரில் பாருங்கள். அரசின் மனநல உதவித் தொலைபேசிச் சேவையான டெலி மானஸுக்கு 14416 என்ற எண்ணில் எந்த நேரத்திலும் இலவசமாகத் தமிழில் பேசலாம். அப்படி எதுவும் இல்லை, பாட்டு மட்டும்தான் சலிக்கிறது என்றால், உறையில் கிடக்கும் கிட்டாரை வெளியே எடுங்கள். கம்பி மாற்ற வேண்டியிருக்கும். கேட்பதில் வராத ருசி சில நேரம் வாசிப்பதில் வந்துவிடும்.

நண்பர்

“பெரிய ரசனைக்காரன்னு காட்டிக்கத்தான் அவன் அந்த ஆல்பத்தைப் பிடிச்ச மாதிரி நடிக்கிறான்” என்று எழுதியிருக்கிறீர்கள். அவர் மனதுக்குள் போய்ப் பார்க்க உங்களாலும் முடியாது, என்னாலும் முடியாது. நாலாவது தடவையில் எனக்கே அது பிடித்தது என்று சொன்னேன் அல்லவா? அவருக்கு உண்மையாகவே பிடித்திருக்கலாம்.

“ஹாஸ்டல்தான் வேணும்” என்று அவர் சொன்னது வலித்தது. அதில் கொஞ்சம் உண்மை இருந்ததால் இன்னும் வலித்தது. பழைய நண்பர்கள் முன்னால், அந்த ராத்திரியில், அந்தத் தொனியில் அவர் சொல்லியிருக்க வேண்டாம். நீங்கள் பேசும்போது அதை அவரிடம் சொல்லலாம். ஹாஸ்டல் வேண்டும் என்று விரும்புவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

ஆனால் உங்கள் கடிதத்தை மூன்றாவது தடவை படித்தபோது ஒன்று கண்ணில் பட்டது. 2013-இல் பென்டிரைவை எடுத்துவந்து “இதைக் கேளுங்கடா” என்றவர் யார்? அவர்தான். தை மாதம், கடன் வாங்கிக் கட்டிய புது வீட்டின் மொட்டை மாடியில், அதே மூன்று பேர் முன்னால் ஸ்பீக்கரை வைத்து ஒரு ஆல்பத்தைப் போட்டவர் யார்? அவரேதான். அன்று ஹாஸ்டலில் செய்ததையே அவர் திரும்பச் செய்தார். தனக்குப் பிடித்ததை முதலில் உங்களிடம் கொண்டுவந்தார். நீங்கள் தேடுகிற அந்த அறை அன்றிரவு ஒரு நிமிடம் மாடியில் இருந்தது. நீங்கள் “ஆஃப் பண்ணுடா” என்றீர்கள்.

ஆகவே மன்னிப்பு ஆல்பத்துக்காக இல்லை. ‘தி கார்’ பற்றிய உங்கள் கருத்து அப்படியே இருக்கட்டும். கேட்க வேண்டியது அந்த வார்த்தைக்காக, விசேஷ வீட்டிலிருந்து சொல்லாமல் கிளம்பியதற்காக. விளக்கம் எதுவும் சேர்க்காதீர்கள். “நீயும்தானே சொன்னே” என்ற வரி முதல் பேச்சில் வேண்டாம், அதற்கு இன்னொரு நாள் இருக்கிறது. அவர் உடனே இளகாமல் போகலாம். ஐந்து மாதம் அவரும் எதையாவது சுமந்திருப்பார். மற்ற இரண்டு நண்பர்களைத் தூது அனுப்பாதீர்கள், அவர்களைப் பக்கம் பிரிக்க வைத்துவிடும்.

எப்படி ஆரம்பிப்பது என்று கேட்டிருந்தீர்கள். ஒரு வரி போதும்: “அன்னைக்கு அப்படிச் சொல்லியிருக்கக் கூடாதுடா, ஸாரி. அந்த ஆல்பத்துல எந்தப் பாட்டை முதல்ல கேக்கணும், சொல்லு.” அவர் சொல்லும் பாட்டைக் கேளுங்கள். பிடிக்காவிட்டால் பிடிக்கவில்லை என்றே சொல்லுங்கள். இந்த வாரம் அனுப்புங்கள். பத்து நாளில் பதில் வரவில்லை என்றால் போன் செய்யுங்கள், எடுக்கவில்லை என்றால் ஒரு சனிக்கிழமை அவர் வீட்டுக்கே போய்விட்டு வாருங்கள். போகும்போது அந்தக் கிட்டாரையும் எடுத்துக்கொண்டு போங்கள்.